பெயர் எழுதிய வரியை அழிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் கன்னியாகுமரி மாவட்டக் கல்லூரி மாணவர்கள் சிலர் தமிழில் இயங்கும் கைப்பேசிச் செயலி ஒன்றைச் செய்திருப்பதாகச் சென்ற வாரம் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் செய்தி வந்திருந்தது. பிள்ளைகளின் படத்தைப் பார்த்தபோது மனசுக்கு நிறைவாக இருந்தது. ஆனால் செய்தியின் நடுவே வந்த ஒரு வரியை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் நிரல்களை, அதாவது புரோகிராம்களை எடுத்து, தேவைக்கேற்ப மாற்றிக்கொண்டார்களாம். யார் எழுதிய நிரல், என்ன நிபந்தனையோடு கொடுத்தார்கள் என்பது செய்தியில் இல்லை. அந்த இரண்டையும் தேடி எழுதிவைப்பதுதான் பதினான்கு ஆண்டுகளாக எனக்குச் சோறு போடும் வேலை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் திங்கள்சந்தைக்காரி. இரணியலில் ரயில் ஏறி, திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் இறங்கி வேலைக்குப் போய்வருகிறேன். கருவிகளுக்குள் ஓடும் மென்பொருளை எழுதும் நிறுவனம் எங்களுடையது. ஒரு மென்பொருள் வெளியே போவதற்கு முன், அதற்குள் வெளியார் எழுதிய பகுதிகள் எவை, ஒவ்வொன்றும் எந்த உரிமத்தில் வந்தது, அந்த உரிமம் கேட்டதை நாங்கள் செய்திருக்கிறோமா என்று பார்த்துப் பதிவு செய்வது என் பொறுப்பு. வாசகர்கள் தங்கள் கைப்பேசியிலேயே இந்த வேலையின் விளைவைப் பார்க்கலாம். அமைப்புகளுக்குள் போனைப் பற்றிய பகுதியில் சட்டத் தகவல் என்று ஒன்று இருக்கும். அதற்குள் திறந்த மூல உரிமங்கள் என்பதைத் தொட்டால், விரல் வலிக்கும்வரை தள்ளினாலும் தீராத ஒரு பட்டியல் வரும். அதில் இருப்பவையெல்லாம் எங்கோ உட்கார்ந்து எழுதிய மனிதர்களின் பெயர்களும் அவர்கள் விதித்த நிபந்தனைகளும்தான்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் இறுதியாண்டு படிக்கிறான். போன மார்ச் மாதம் தன் ப்ராஜெக்டைக் காட்ட வந்தான். நன்றாகவே செய்திருந்தான். ஒரு கோப்பைத் திறந்தபோது எனக்கு அது பழக்கமான கோப்பாகத் தெரிந்தது. மூலக் கோப்பின் தலையில் ஆறேழு வரிகளில் எழுதியவர் பெயர், ஆண்டு, உரிமம் எல்லாம் இருக்கும். இவன் கோப்பில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. "மேலே இருந்த வரியெல்லாம் எங்கே தம்பி?" என்று கேட்டேன். "அது பச்சைக் கலர்ல வர்ற கமென்ட்தானே அக்கா, புரோகிராம் ஓடுறதுக்கு அது வேண்டாமே" என்றான். அவன் பொய் சொல்லவில்லை, திருடும் எண்ணமும் அவனுக்கு இல்லை. நிரல் ஓடுவதற்கு அந்த வரிகள் தேவையில்லை என்பது உண்மைதான். அவை எதற்கு இருக்கின்றன என்று நான்கு ஆண்டுப் படிப்பில் யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. அவனுடைய அறிக்கையின் முதல் பக்கத்தில் 'இது முழுக்க எங்கள் சொந்த உழைப்பு' என்ற சான்றிதழும், அதன் கீழே நான்கு பேர் கையெழுத்தும் இருந்தன.

நம் நாட்டில் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் இலக்கியப் படைப்பு என்ற வகையில்தான் சேர்த்திருக்கிறது. கவிதைக்கும் கதைக்கும் என்ன பாதுகாப்போ அதுவே நிரலுக்கும். எழுதிய கணத்திலேயே உரிமை வந்துவிடும், எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. தனியாள் எழுதியதென்றால் அவர் ஆயுள் முழுக்கவும், இறந்த பிறகு 60 ஆண்டுகளும் அது நிற்கும். சம்பளத்துக்கு வேலை பார்க்கும்போது எழுதியதென்றால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் அது முதலாளிக்கு உரியது. ஆகவே ஒரு நிரல் இணையத்தில் கண்ணுக்குத் தெரிகிறது, தரவிறக்க முடிகிறது என்பதால் மட்டும் அதை எடுத்துப் பயன்படுத்த அனுமதி கிடைத்துவிடாது. உரிமம் என்று ஒரு வரிகூட எழுதப்படாத நிரலில் எல்லா உரிமையும் எழுதியவரிடமே இருக்கிறது. தாராள மனதோடு வெளியிட்டவர்கள்கூட இதை அறியாமல் உரிமத்தை எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். கொடுக்க நினைத்தார்கள், ஆனால் கொடுத்ததற்குச் சாட்சி இல்லை.

நிரலை எவரும் எடுத்து, மாற்றி, பகிர அனுமதிக்கும் திறந்த மூல உரிமங்கள் கேட்பதும் பெரிய விலை இல்லை. எம்ஐடி உரிமம் கேட்பது ஒன்றே ஒன்று: என் பதிப்புரிமை வரியையும் இந்த அனுமதிக் குறிப்பையும் ஒவ்வொரு நகலிலும் வைத்திரு. அந்தப் பையன் அழித்தது சரியாக அந்த ஒன்றைத்தான். ஜிபிஎல் என்ற இன்னொரு உரிமம் இன்னும் கொஞ்சம் கேட்கும். என் நிரலைச் சேர்த்து நீ ஒன்றை வெளியிட்டால், அதை வாங்குகிறவருக்கும் மூல நிரலும் அதே சுதந்திரமும் கிடைக்க வேண்டும். இதில் ஓர் எழுத்துகூட முக்கியம். ஜிபிஎல் 2 என்று மட்டும் இருந்தால் ஒரு பொருள், 2-க்குப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி இருந்தால் 'அல்லது அதற்குப் பின் வந்த பதிப்பு' என்று பொருள். 2004-இல் வந்த அப்பாச்சி 2.0 உரிமத்தில் உள்ள நிரலை, ஜிபிஎல் 2 மட்டும் என்று சொல்லும் நிரலோடு சேர்க்க முடியாது என்பது ஜிபிஎல்லை வெளியிட்ட கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் நிலைப்பாடு. 2007-இல் வந்த ஜிபிஎல் 3-உடன் சேர்க்கலாம். அந்தக் கூட்டல் குறியை யாரோ ஒருவர் எழுதாமல் விட்டதால் இரண்டு நாள் உழைப்பு வீணாவதை நானே பார்த்திருக்கிறேன். இன்னொரு முறை எங்கிருந்தோ ஒட்டப்பட்ட 40 வரிக் கோப்பு ஒன்றுக்கு ஊர், பேர் எதுவுமே கிடைக்கவில்லை. வெளியீட்டை நிறுத்திவைத்து, அந்த 40 வரி செய்யும் வேலையைப் புதிதாக எழுதி வாங்கிய பிறகுதான் அனுப்ப முடிந்தது.

இதை ஒழுங்காகச் செய்வது எப்படி என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் நம் பிள்ளைகளுக்குக் கிடைத்த கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளமும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ், டெபியன் என்ற இயங்குதளத்தை அடிப்படையாகக் கொண்டது. 1993-இல் தொடங்கிய டெபியன், தன்னார்வலர்களால் நடப்பது. அதில் ஒரு மென்பொருள் பொதியைச் சேர்க்க வேண்டுமானால், அதோடு காப்பிரைட் என்ற பெயரில் ஓர் எழுத்துக் கோப்பு கட்டாயம் இருக்க வேண்டும். எந்தெந்தக் கோப்புகள், யாருக்கு எந்த ஆண்டு முதல் பதிப்புரிமை, எந்த உரிமம் என்று பத்தி பத்தியாக அதில் எழுதுவது வழக்கம். பொதியின் பெரும்பகுதிக்கு ஒரு பத்தி, வேறு ஆள் எழுதிய ஒரு கோப்புக்கு, ஒரு படத்துக்கு, ஓர் எழுத்துருவுக்குத் தனித்தனிப் பத்தி. புதிய பொதி வரும்போது அதை ஆட்கள் உட்கார்ந்து சரிபார்க்கிறார்கள். எழுதியதும் உள்ளே இருப்பதும் ஒத்துப்போகாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அலமாரியில் தூசி படிந்து கிடக்கும் அந்த மடிக்கணினியை யாராவது எடுத்துத் திறந்தால், ஒவ்வொரு பொதிக்கும் இப்படி ஒரு கோப்பு உள்ளே இருப்பதைப் பார்க்கலாம். நம் பிள்ளைகளின் மடியில் இத்தனை ஆண்டுகள் இருந்த பதிவேடு அது. அதைத் திறந்து காட்ட ஒரு வகுப்பு நேரம்கூட ஒதுக்கவில்லையே என்பது என் ஆதங்கம்.

பெரியவர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். உலகம் முழுக்க ஓடும் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கருனியிலேயே ஆயிரக்கணக்கான கோப்புகளில் உரிமம் பற்றிய வரி இல்லாமல் இருந்தது. 2017-இல் உட்கார்ந்து, ஒவ்வொரு கோப்பின் முதல் வரியிலும் எஸ்பிடிஎக்ஸ் என்ற முறையில் ஒற்றை வரி அடையாளத்தைச் சேர்க்கத் தொடங்கினார்கள். அந்த முறை 2021-இல் சர்வதேசத் தர நிர்ணயமாகவும் ஆகிவிட்டது. ஒரே வரிதான், மனிதரும் படிக்கலாம், இயந்திரமும் படிக்கலாம்.

இனி என் சொந்த விஷயத்துக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளாக நானும் நண்பர்கள் இருவரும் நம் மாவட்டச் சொற்களைத் திரட்டி ஒரு சிறு பொதியாகச் செய்துவருகிறோம். சொல்லைத் தட்டினால் பொருள் காட்டும் அகராதி ஒரு பாதி, எழுத்துப் பிழை திருத்திக்கான சொற்கோப்பு மறு பாதி. நெத்தோலி, கரைமடி, கச்சான், நீவாடு என்று கடற்கரைப் பிள்ளை ஒருவன் தன் வீட்டில் பேசும் சொல்லை அப்படியே எழுதினால், அதன் கீழே கணினி சிவப்புக் கோடு போடுகிறது. உன் வீட்டுப் பேச்சு தப்பு என்று அந்தப் பிள்ளையிடம் சொல்வதற்குச் சமம் அது. அந்தக் கோட்டை எடுக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை.

பொதியைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி, டெபியன் போன்ற கட்டற்ற மென்பொருள் தொகுப்பு ஒன்றுக்கு அனுப்பினோம். திரும்பி வந்துவிட்டது. 31 கோப்புகளில் மூன்றுக்கு யார் உரிமையாளர், என்ன உரிமம் என்று நாங்கள் எழுதவில்லை. ஊரார் உரிமத்தைச் சம்பளத்துக்குச் சரிபார்ப்பவள் நான். என் சொந்தப் பொதியில் மூன்று கோப்பை விட்டிருந்தேன். தெரிந்த ஆட்கள்தானே, கேட்டால் மாட்டேன் என்றா சொல்வார்கள் என்று நினைத்துவிட்டேன்.

மூன்றில் பெரியது ஒரு தலைமையாசிரியர் எழுதியது. முட்டம் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர். முப்பது வருடமாக மீனவர்களிடம் கேட்டுக் கேட்டு நீளநோட்டில் 900-க்கும் மேற்பட்ட சொற்களை விளக்கத்தோடு எழுதி வைத்திருந்தார். "தட்டச்சு பண்ணிப் போட்டுரும்மா" என்று நோட்டை என் கையில் கொடுத்தார். 2019-இல் காலமாகிவிட்டார். வாய்வார்த்தை மட்டும்தான் இருந்தது. சட்டப்படி அவர் எழுதிய விளக்கங்களின் உரிமை 2079 முடியும்வரை அவர் வாரிசுகளுக்கு உரியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த நேரத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவிக்கு எழுபது தாண்டியிருக்கும். திண்ணையில் உட்காரவைத்துக் கட்டன்சாயா கொடுத்தார். விஷயத்தைச் சொன்னதும், "இதுக்கு என்னத்துக்கு மக்களே பேப்பரு? சாரு எழுதினது ஊருக்குத்தானே" என்றார். நான் எடுத்துப்போயிருந்த தாளில் 'என் கணவர் எழுதிய சொற்களைப் பயன்படுத்த அனுமதிக்கிறேன்' என்று ஒரே வரி எழுதியிருந்தேன். அதில் கையெழுத்தும் போட்டுத் தந்துவிட்டார்.

அன்று இரவு பதிப்புரிமைச் சட்டத்தை மறுபடி படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. எவ்வளவு காலத்துக்கு என்று எழுதாவிட்டால் 19-ஆம் பிரிவு அதை ஐந்தாண்டு என்று எடுத்துக்கொள்ளும். எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று கொள்ளும். உரிமைமாற்றத்துக்குச் சொல்லப்பட்ட இந்த விதி, 30ஏ பிரிவின் வழியாக உரிமத்துக்கும் பொருந்துகிறது. என் ஒற்றை வரித் தாளை நம்பியிருந்தால் சாரின் உழைப்பு ஐந்தே வருடத்தில் மறுபடியும் பூட்டிய பெட்டிக்குள் போயிருக்கும். மஸ்கட்டில் அவர் மகனோடு வேலை பார்ப்பவர்கள் அங்கிருந்து அந்த அகராதியைப் பயன்படுத்த சட்டப்படி அனுமதி இருந்திருக்காது. தேர்ந்த உரிமங்களில் 'உலகம் முழுவதும்', 'நிரந்தரமாக' என்ற சொற்கள் ஏன் வருகின்றன என்பதை நான் படித்தது பல வருடத்துக்கு முன். புரிந்தது அன்றுதான்.

மறுபடி போனேன். இந்த முறை, படைப்புகளைப் பொதுவில் பகிர்வதற்கான உரிமங்களை எழுதித் தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பின் பெயர் குறிப்பிடல், அதேபோல் பகிர்தல் 4.0 உரிமத்தின் பொருளைத் தமிழில் எழுதி எடுத்துப்போய் வரி வரியாகப் படித்துக் காட்டினேன். தூத்துக்குடியில் இருக்கும் மகள் வந்திருந்தார். மகன் வீடியோ அழைப்பில் இருந்தார். "ஆராவது இதைக் காசுக்கு வித்தா?" என்று அந்த அம்மா கேட்டார். விற்கலாம் என்று உள்ளதைச் சொன்னேன். ஆனால் சார் பெயரை எடுக்க முடியாது, அவர்கள் திருத்திச் செய்ததையும் இதே உரிமத்தில்தான் கொடுக்க வேண்டும். வணிகத்துக்குக் கூடாது என்று எழுதலாமே என்றார் மகன். நியாயமான கேள்வி. அப்படி எழுதினால் டெபியன் போன்ற கட்டற்ற தொகுப்புகளின் முதன்மைப் பிரிவில் அதைச் சேர்க்க மாட்டார்கள், எந்தத் துறையினரையும் எந்தப் பயன்பாட்டையும் விலக்கக் கூடாது என்பது அவர்கள் விதி என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அந்த அம்மா கேட்டார், "சாரு பேரு அதுல இருக்குமில்லா?" இருக்கும் என்றேன். "அப்போ கொண்டா" என்று பேனாவை வாங்கினார். மூன்று வாரிசுகளின் கையெழுத்தும் இப்போது என்னிடம் இருக்கிறது. பொதியின் காப்பிரைட் கோப்பில் அவர் பெயர், ஊர், நோட்டு எழுதிய ஆண்டுகள் எல்லாம் ஏறிவிட்டன. அந்தப் பத்தியை அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதை அவர் படத்துக்குக் கீழே செருகி வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது கோப்பு ஒரு பழைய மாணவருடையது. ஒரு மின்னஞ்சலில் முடிந்துவிட்டது. மூன்றாவது பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் ஓர் இரும்புப் பெட்டி இருக்கிறது. 1956 நவம்பர் 1-இல் நாம் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முந்தைய நிலப் பத்திரங்கள் அதில் உண்டு. மலையாளத்தில் எழுதியவை. இன்று வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவர் அப்பா ஒருவர்தான். ஆனாலும் வருடத்துக்கு ஒருமுறை வெயிலில் காயவைத்து, வேப்பிலை போட்டுத் திரும்ப வைக்கிறோம். அரை சென்ட் வாங்குவதென்றாலும் மூலப்பத்திரம் எங்கே, வில்லங்கம் பார்த்தாயா என்று கேட்கும் ஊர் நம் ஊர். அந்தக் கேள்வியை நிரலைப் பார்த்தும் கேட்கப் பழகினால் போதும் என்றுதான் கேட்கிறேன்.

பெயரை எடுத்தால் என்ன ஆகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். மாதிரி ரயில்களைக் கணினியால் இயக்கும் திறந்த மூல மென்பொருள் ஒன்று அமெரிக்காவில் உண்டு. அதன் கோப்புகள் சிலவற்றை ஒரு நிறுவனம் எடுத்து, எழுதியவர்கள் பெயரையும் பதிப்புரிமைக் குறிப்பையும் நீக்கிவிட்டுத் தன் மென்பொருளில் சேர்த்துக்கொண்டது. இலவசமாகக் கொடுத்ததுதானே, என்ன நஷ்டம் என்பதுதான் அங்கேயும் எழுந்த கேள்வி. 2008-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. காசு வாங்காமல் கொடுத்தாலும் உரிமத்தின் நிபந்தனை நிபந்தனைதான், அதை மீறுவது பதிப்புரிமை மீறலாக முடியும் என்று சொல்லிவிட்டது. பொழுதுபோக்கு ரயிலுக்கான ஒரு மென்பொருளில் தொடங்கிய வழக்கு, உலகத்தின் திறந்த மூல உரிமங்கள் அனைத்துக்கும் பலமாக நிற்கிறது.

நம் மாவட்டத்துப் பொறியியல், கலைக் கல்லூரிகளின் கணினித் துறைகளுக்கு ஒரு வேண்டுகோள். இறுதியாண்டு ப்ராஜெக்ட் அறிக்கையோடு, பயன்படுத்திய வெளி நிரல் ஒவ்வொன்றுக்கும் எங்கிருந்து எடுத்தது, யார் எழுதியது, எந்த உரிமம் என்று ஒரு பக்கம் கேளுங்கள். இன்னொருவர் நிரலைப் பயன்படுத்தியதைக் குறையாக நினைத்து மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். குறைப்பதால்தான் பிள்ளைகள் பெயரை அழிக்கிறார்கள். சரியாக எழுதியவருக்குக் கூட்டிக் கொடுங்கள். வேலைக்கும் இது உதவும். மென்பொருளுக்குள் என்னென்ன உட்கூறுகள் இருக்கின்றன என்ற பட்டியலுக்கு மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2024-இல் வழிகாட்டுதலே வெளியிட்டுவிட்டது. இந்தப் பட்டியலை எழுதத் தெரிந்த பிள்ளைகளை நிறுவனங்கள் தேடுகின்றன. திருவனந்தபுரத்துக்கு ரயிலேறும் கூட்டத்தில் அப்படி நாலு பேர் கூடுதலாக இருந்தால் எனக்குச் சந்தோஷம்.

தங்களுக்கும் ஒரு சிறு வேண்டுகோள். இத்தகைய செய்திகளில் 'இலவச நிரல்' என்பதற்குப் பதில் 'திறந்த மூல நிரல்' அல்லது 'கட்டற்ற நிரல்' என்று எழுதி, அதன் பெயரையும் ஒரு வார்த்தையில் குறிப்பிடுங்கள். ஒரு வரி இடம்தான் ஆகும்.

கடைசியாக அந்த மூன்றாவது கோப்பு. ரப்பர் தோட்டத்துச் சொற்கள் 87, ஒட்டுப்பால், பால்வெட்டு, சிரட்டை என்று தொடங்கி ஒவ்வொன்றுக்கும் அழகான விளக்கமும் எடுத்துக்காட்டு வாக்கியமும் எழுதப்பட்டவை. 2008 வாக்கில் யாரோ ஒருவர் மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறார். குலசேகரம் என்று மட்டும் கீழே இருக்கிறது. பெயர் இல்லை. அந்த முகவரிக்கு எழுதினால் கடிதம் திரும்பி வருகிறது. சொற்கள் யாருடைய சொத்தும் இல்லை, தோட்டத்துக்குப் போய் நானே மறுபடி கேட்டுத் திரட்டிவிடலாம். ஆனால் அந்த விளக்கங்கள் அவருடையவை. அதிகாலை இருட்டில் தலைவிளக்கோடு மரம் மரமாக நடந்த ஒருவரால்தான் அப்படி எழுத முடியும். அனுமதி இல்லாததால் அவற்றைப் பொதியிலிருந்து எடுத்துத் தனியே வைத்திருக்கிறேன்.

எழுதியவர் இதைப் படித்தாலோ, அவரைத் தெரிந்தவர்கள் படித்தாலோ, தங்கள் அலுவலகத்துக்கு ஓர் அஞ்சலட்டை போட்டால் போதும். இந்தக் கடிதத்தை வெளியிட்டு, அப்படி ஏதேனும் வந்தால் எனக்குத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். 'ஒட்டுப்பால்' என்ற சொல்லுக்கு அவர் எழுதிய எடுத்துக்காட்டு வாக்கியத்தில் ஒரு குழந்தையின் பெயர் வருகிறது. அந்தப் பெயரைச் சொன்னால் அவர்தான் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு வாசகி,
திங்கள்சந்தை,
கன்னியாகுமரி மாவட்டம்.